லயத்து வீடு யாருக்குச் சொந்தம்? செண்டாயான் பக்கத்திலிருந்து ஒரு வீட்டு வரலாறு



சில மாதங்களுக்கு முன் என் வகுப்பில் நாலாம் படிவ மாணவன் ஒருவன் கேட்டான்: "டீச்சர், எங்க தாத்தா நாப்பது வருசம் தோட்டத்துல இருந்தாராம். அப்புறம் ஏன் அவருக்குன்னு ஒரு வீடு கட்டிக்கல?" கங்காணி முறை, 1923 தொழிலாளர் சட்டம், தோட்டத் துண்டாடல் எல்லாம் பாடமாக நடத்தியிருக்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல எனக்கு அன்று வரவில்லை. வீட்டுக்குப் போய் யோசித்த பிறகு எழுதியதுதான் இது. கட்டுரைக்கு நடுவில் எங்கள் வீட்டுச் சமையலறை வரும். பொறுத்துக் கொள்ளுங்கள், காரணம் இருக்கிறது.

செண்டாயானை இன்று தெரிந்தவர்கள் பண்டார் ஸ்ரீ செண்டாயான் என்ற புது நகரத்தைத்தான் சொல்வார்கள். இரட்டை மாடி வரிசை வீடுகள், பேரங்காடி, சுங்கை பெசியிலிருந்து 2018-இல் இடம் மாறி வந்த விமானப்படைத் தளம். ஆனால் சிரம்பானிலிருந்து மம்பாவ், ரந்தாவ், சிலியாவ் பக்கம் போகும் சாலைகளில் வயதானவர்களோடு வந்து பாருங்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தோட்டத்தின் பெயர் அவர்கள் வாயில் வரும். சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ரயில் பாதை போட்டது 1891-இல். ரப்பர் வந்த பிறகு இந்தச் சுற்றுவட்டாரம் முழுக்கத் தோட்டக்காடு ஆனது. அந்தத் தோட்டங்களில் நம்மவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வீட்டுக்குப் பெயர் லயம். 'லைன்' என்ற ஆங்கிலச் சொல் நம் நாக்கில் லயமாகவும் லயனாகவும் ஆகிவிட்டது.

லயம் என்றால் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகத் தடுத்த அறைகள். பத்துப் பன்னிரண்டு அடி அகலத்தில் ஓர் அறை, முன்னால் ஒரு நடை, அவ்வளவுதான். ஆரம்பத்தில் அத்தாப்புக் கூரை, பிறகு தகரம். சில இடங்களில் இரண்டு வரிசையை முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டினார்கள். காற்று ஒரு பக்கம்தான் வரும், சமையல் புகை போக வழி இருக்காது. கம்பத்து மலாய் வீட்டைப் போலக் கால் வைத்து உயர்த்திக் கட்டிய லயங்களும் இருந்தன. அடியில் விறகு, கோழி, மழை நாளில் பிள்ளைகள்.

இந்த லயங்கள் ஏன் அங்கே கட்டப்பட்டன என்பதற்குப் பின்னால் மலேரியா இருக்கிறது. 1901-இல் கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன், நகரத்துச் சதுப்பை வடித்துக் காய்ச்சலைக் குறைத்தார். மலைப்பாங்கான தோட்டங்களில் அவருக்கு வேறு கதை காத்திருந்தது. அங்கே காட்டை வெட்டி வெயில் விழ வைத்தால் காய்ச்சல் கூடியது. தெளிந்து ஓடும் வெயில் பட்ட ஓடையில்தான் அந்த வகைக் கொசு முட்டையிடும் என்று கண்டுபிடித்தார்கள். அதன் பிறகு பள்ளத்து நீரை மண்ணுக்கடியில் குழாய் போட்டு வடிப்பதும், எண்ணெய் தெளிப்பதும், லயத்தை ஓடையிலிருந்து தள்ளி மேட்டில் வைப்பதும் வழக்கமாயின. மாணவர்களே, 'குடியிருப்பு வசதி' என்று விடைத்தாளில் ஒரு வரியில் முடித்து விடுகிறீர்களே, அந்த ஒரு வரிக்குள் எத்தனை சாவு இருக்கிறது என்பதை நினைத்துக் கொள்ளுங்கள். கூலி சாகாமல் வேலைக்கு வர வேண்டும் என்பதுதான் வீட்டின் முதல் கணக்கு.

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தை எல்லாரும் தமிழ்ப்பள்ளிக்காக மனப்பாடம் செய்கிறோம். 7 வயது முதல் 14 வயது வரை பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்ற விதி. அந்தச் சட்ட வரிசையில் வீடு, குடிநீர், மருத்துவம், ஆயாக் கொட்டகை எல்லாமே முதலாளியின் கடமையாக வந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு 1966-இல் தொழிலாளர் குடியிருப்புக்குக் குறைந்தபட்சத் தரம் வகுத்து ஒரு சட்டம் வந்தது. 1990-இல் அதன் இடத்தை 446-ஆம் சட்டம் எடுத்துக் கொண்டது. (இந்த இரண்டு ஆண்டுகளையும் மாற்றி எழுதுபவர்கள் அதிகம், கவனம்.) 2019-இல் செய்த திருத்தம் அந்தச் சட்டத்தைத் தோட்டத்துக்கு வெளியே மற்றத் துறைகளுக்கும் விரித்தது. இன்று தொழிற்சாலையில் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தொழிலாளியின் விடுதிக்கும் அதுதான் சட்டம்.

இத்தனை சட்டத்தையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். நல்ல வீடு கொடு என்று சொல்கின்றன, தண்ணீர் கொடு என்று சொல்கின்றன. வீட்டை அவனுக்கே கொடு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீடும் போகும். என் மாணவனின் கேள்விக்குப் பதிலின் பாதி இங்கே இருக்கிறது.

மீதிப் பாதிக்கு அக்கம் பக்கத்தைப் பார்க்க வேண்டும். நெகிரி செம்பிலானில் பார்ப்பது இன்னும் சுலபம். ரெம்பாவ், கோலா பிலா பக்கம் அடாட் பெர்பாத்தே வழக்கப்படி பரம்பரை நிலமும் வீடும் பெண்கள் பெயரில் இறங்குகின்றன. 1909-இலேயே அந்த வழக்க நிலத்துக்கு இங்கே சட்டம் போட்டுவிட்டார்கள். மலாய் மர வீட்டை நன்றாகக் கவனித்தவர்களுக்குத் தெரியும், அது வளர்வதற்கென்றே கட்டப்படுகிற வீடு. முதலில் 'ரூமா இபு', அதாவது தாய் வீடு. கையில் காசு வந்தால் முன்னால் ஒரு திண்ணை, பின்னால் ஒரு சமையல்கட்டு. ஊர்த் தச்சர் வந்து சேர்த்துக் கொடுப்பார். நிலம் தன்னுடையது என்பதால்தான் வீடு வளர முடிகிறது.

அடுத்தது புதுக்கிராமம். அவசரகாலத்தில், 1950-க்குப் பிறகு, பிரிக்ஸ் திட்டத்தின் கீழ்ச் சீனர்களைப் பிடித்து முள்வேலிக்குள் வைத்தார்கள். அதே காலத்தில் நம் லயங்களையும் ஒன்றாகக் கூட்டி முள்வேலி போட்டார்கள். வேலி இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் புதுக்கிராமத்தில் குடும்பத்துக்கு ஒரு மனை ஒதுக்கினார்கள், தற்காலிக உரிமமாகத் தொடங்கிப் பின்னால் பலருக்குக் குத்தகைப் பத்திரம் ஆனது. லயத்து வேலியைப் பிரித்த பிறகு உள்ளே மிஞ்சியது பழைய லயம்தான்.

மூன்றாவது ஃபெல்டா. 1956-இல் தொடங்கியது. செண்டாயானிலேயே ஒரு ஃபெல்டா குடியேற்றம் உண்டு. லாபு பக்கத்தில் இன்னொன்று, 1966 அக்டோபரில் அமெரிக்க அதிபர் ஜான்சன் வந்து பார்த்ததால் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. குடியேறியவருக்குச் சுமார் 10 ஏக்கர் பயிர்நிலம், வீட்டுக்குக் கால் ஏக்கர். கடனைத் தவணையாகக் கட்டி முடித்தால் நிலப்பட்டா. முதலில் கொடுத்தது சின்னப் பலகை வீடுதான், லயத்தை விடப் பெரிய வித்தியாசம் இல்லை. இன்று அந்த வழியாகப் போனால் பலகை வீட்டைத் தேடத்தான் வேண்டும். கல் வீடு, முன்னால் வண்டி நிறுத்தும் இடம், மகனுக்கு இன்னொரு கட்டு. ஒரே மழை, ஒரே ரப்பர் விலை. காலடி மண் யாருடையது என்பதில்தான் பிரிந்தார்கள்.

நம்மவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களா? இல்லை. லயத்திலும் வீடு வளர்ந்தது, திருட்டுத்தனமாக மாதிரி. எங்கள் பாட்டி சொல்வாங்க: லயத்துக்குப் பின்னால பழைய தகரம், பெட்டிப் பலகை வச்சு ஒத்தாப்பு இறக்கிக் குசினி போட்டாங்களாம். மாட்டுக் கொட்டகை, முருங்கை, கறிவேப்பிலை. தோட்டத்து ஆசாரிதான் வேலை முடிஞ்ச பிறகு வந்து அடிச்சுக் கொடுப்பார். கூலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஒரு கோழி, ஒரு வேளைச் சாப்பாடு. புதுத் துரை வந்து "அசிங்கமா இருக்கு" என்று சொன்னால் ஒரே நாளில் பிரித்துப் போட வேண்டும். மூன்று தடவை பிரித்துக் கட்டினார்களாம். வேலையை விட்டு வந்த நாளில் அந்தத் தகரத்தைக் கூடக் கழற்றிக்கொண்டு வர முடியவில்லை, இதைச் சொல்லும்போது மட்டும் பாட்டிக்கு இன்றும் கோபம் வரும்.

நிலம் வேண்டும் என்பதைப் புரிந்துகொண்ட தலைவர்களும் இருந்தார்கள். 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். வேலையும் வீடும் ஒரே நாளில் போனது. 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பற்றித்தான் உங்கு அசிஸ் விரிவாக ஆராய்ந்தார். துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி போடுங்கள், நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது, மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கியது. பெரிய சாதனைதான், குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே உறுப்பினருக்குக் கிடைத்தது பங்கு. லயம் இருந்த மண்ணுக்குத் தனித்தனிப் பட்டா வேறு விஷயம். 1970களில் தோட்ட வீடுகளைத் தொழிலாளருக்கே சொந்தமாக்கும் திட்டம் பேசப்பட்டபோது, பெரும்பாலான நிர்வாகங்கள் நிலம் ஒதுக்க முன்வரவில்லை. அதற்குள் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, ஆள் தேவை குறைந்தது, பிறகு செம்பனையும் போய்த் தாமான் வந்தது.

எங்கள் அப்பா 1990களில் வாங்கியது 25,000 வெள்ளி மலிவு விலை வீடு. 1980களின் தொடக்கத்தில் அரசு நிர்ணயித்த விலை அது. பணம் ஊழியர் சேமநிதியிலிருந்தும் வங்கிக் கடனிலிருந்தும் வந்தது. சாவி வாங்கிய வாரமே பாட்டி கேட்டது, "பின்னால இறக்கலாமா?" என்றுதான். தாமான் தாமானாகப் போய்ப் பாருங்கள், தோட்டத்திலிருந்து வந்த குடும்பங்கள் முதலில் கை வைத்த இடம் பின்கட்டு. இதை நான் பழக்கம் என்று மட்டும் நினைக்கவில்லை. மூன்று தடவை பிரித்த குசினியைப் பிரிக்க முடியாதபடி கட்டுவது அது.

கட்டுவது சுலபமாக இருக்கவில்லை. நான் வேலைக்கு வந்த பிறகு அந்தப் பின்கட்டைக் கல்லில் எடுத்துக் கட்ட முடிவு செய்தோம். விலை குறைவாகச் சொன்ன ஒரு குத்தகையாளரிடம் பாதிப் பணத்தை முன்கூட்டியே கொடுத்தேன். அவர் பின்சுவரை உடைத்தார், அஸ்திவாரம் என்று இரண்டடி தோண்டினார், பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. நவம்பர் மழை. பாட்டியின் அடுப்பு நனையாமல் இருக்கத் தார்ப்பாய் கட்டினோம். கட்டுமானத் துறை வாரியத்தில் பதிவு பெற்றவரா என்று பார்த்திருக்க வேண்டும், 1994 முதல் அதற்குச் சட்டம் இருக்கிறது. வரலாறு நடத்துகிற எனக்குத் தெரியாமல் போனது.

அப்புறம் வந்தவர் எங்கள் தாமானிலேயே இருக்கும் பழைய தோட்டத்து ஆசாரி, எழுபதைத் தாண்டியவர். குழியைப் பார்த்ததும் சொன்னார்: "டீச்சரம்மா, இது அல்லூறு. நாங்க லயத்தை மேட்டுல வச்சோம், இவங்க பள்ளத்தை ரொப்பி வீடு வச்சிருக்காங்க." அல்லூறு என்றால் நீர் ஓடும் பள்ளம், மலாய்ச் சொல் நம் பேச்சில் கலந்தது. வாட்சன் காலத்தில் குடியிருப்பைத் தள்ளி வைத்த அதே பள்ளம், இப்போது மண்ணைக் கொட்டி மனையாகி இருக்கிறது. பழைய வீடு ஆழத்தில் இறங்கிய கட்டைத்தூண் மேல் நிற்கிறது. புதுக் கட்டை வெறும் மண்ணில் நிறுத்தினால் அது மட்டும் இறங்கும், இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விடும். பக்கத்து வீடுகளில் சுவரோரம் மேலிருந்து கீழாக ஓடும் விரிசல் இதுதான் என்று காட்டினார். பக்காவ் மரக்கட்டை அடித்து, அதன் மேல் காங்கிரீட் போடச் சொன்னார்.

வேலையை அவரே ஆள் சேர்த்து முடித்துக் கொடுத்தார். கொத்து வேலைக்கு ஜாவாக்காரர் ஒருவர், வயரிங்குக்கு என் பழைய மாணவன், சாமான் கடனுக்குக் கொடுத்தது ரந்தாவ் சாலையில் ஒரு சீனக் கடை. பின்சந்தில் கழிவுக் குழாய் மூடி இருக்கும் இடத்தை மூடக் கூடாது என்பதில் மட்டும் அவர் விட்டுக் கொடுக்கவில்லை. எனக்கு ஒரு அலமாரி அளவு இடம் குறைந்தது.

வரைபடம் நகராண்மைக்குப் போனது. 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி சேர்ப்புக் கட்டடத்துக்கும் அனுமதி வேண்டும். அலைச்சல்தான், பணமும் போகும், பலர் செய்வதில்லை. நான் செய்தேன். முத்திரை குத்தி வந்த வரைபடத்தில் உரிமையாளர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர் இருந்தது. பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தத் தாளை வாங்கி, எது குசினி என்று கேட்டார், விரலை வைத்துக் காட்டினேன்.

இப்போது என் வகுப்பில் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன், நீங்களும் முயன்று பார்க்கலாம். மாணவர்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பழைய லயத்து வீட்டின் தரைப்படத்தை வரைய வேண்டும். கட்டிக் கொடுத்தது எது, தாங்களே சேர்த்தது எது என்று இரண்டு நிறத்தில் காட்ட வேண்டும். பக்கத்தில் இப்போதைய வீட்டுப் படம். அதிலும் அதே இரண்டு நிறம். கேள்வி கேட்ட அந்த மாணவன்தான் முதலில் கொண்டு வந்தான். தாத்தா சேர்த்ததாக அவன் வண்ணம் அடித்திருந்தது ஒரு கோழிக்கூண்டும், ஒரு குளியல் மறைப்பும், பின்னால் ஒரு குசினியும்.