படிப்புக்கு இடையே நின்ற படிகள்



தமிழில் 'படி' என்பது ஒரு சொல். அதன் பொருளோ பல. 'பாடத்தைப் படி' என்று ஆசிரியர் ஏவும்போது அது கல்வியைக் குறிக்கிறது. வாசலில் கல்லால் அமையும்போது காலை ஊன்றி ஏறும் இடத்தைக் குறிக்கிறது. நம்மில் பலருக்கு இவ்விரண்டும் பகையல்ல. நாம் படியேறிச் சென்றே படிக்கிறோம். ஆயினும், கால் வழங்காத ஒருவருக்கு அந்த வாசற்படியே படிப்புக்குத் தடையாக நின்ற காலம் நெடியது. அத்தடையை நீக்க ஒரு பல்கலைக்கழகம் முற்பட்ட வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

இரண்டாம் உலகப் போர் 1945-ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதற்கு முந்திய போர்களில் முதுகுத்தண்டில் காயமுற்ற வீரர்களுள் பெரும்பாலோர் நெடுநாள் பிழைத்ததில்லை. பென்சிலின் முதலிய மருந்துகள் வந்தபின் அந்நிலை மாறிற்று. இளைஞர் பலர் உயிர் தப்பினர். ஆனால் சக்கர நாற்காலியில் ஊர் திரும்பினர். போரிலிருந்து மீண்டவர்களின் உயர்கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அமெரிக்க நாடு 1944-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தது. ஆகவே அவ்விளைஞர்களுக்கு உயிரும் இருந்தது, அறிவும் இருந்தது, கட்டணம் செலுத்த வழியும் இருந்தது. வகுப்பறைக்குள் நுழைய மட்டுமே வழியில்லை.

இல்லினாய் பல்கலைக்கழகம் கேல்ஸ்பர்க் என்னும் ஊரில் 1946-ஆம் ஆண்டில் ஒரு கிளையைத் திறந்தது. அது முன்னர் இராணுவ மருத்துவமனையாக இருந்த இடம். நோயாளிகளுக்கெனக் கட்டப்பட்டதாதலின் அங்கே சக்கர நாற்காலி தடையின்றிச் சென்றது. திமோதி நியூஜென்ட் என்பார் 1948-ஆம் ஆண்டில் அங்கே உடல் ஊனமுற்ற மாணவர்களுக்கான திட்டமொன்றைத் தொடங்கினார். ஓராண்டு செல்வதற்குள் அக்கிளையையே மூடிவிட அரசு முடிவு செய்தது. ஏனைய மாணவர்கள் வேறிடம் சென்று படிக்கலாம். இவர்கள் எங்கே செல்வது?

அவர்கள் வாளா இருந்தாரல்லர். மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டுக்குச் சென்று முறையிட்டனர். பின்னர் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் அமைந்த அர்பானாவுக்குச் சென்றனர். அங்கே கட்டடங்கள் யாவும் படிகளுக்குமேல் நிமிர்ந்து நின்றன. மாணவர்கள் மரப்பலகைகளைப் படிகளின்மேல் சாய்த்து வைத்து, சக்கர நாற்காலியில் ஏறிக் காட்டினர். 'எங்களால் இயலும், பலகை ஒன்றே வேண்டும்' என்பதே அச்செயலின் பொருள். சொல்லால் வாதிட்டவற்றைவிட அப்பலகைகள் தெளிவாகப் பேசின எனலாம். 1949-ஆம் ஆண்டில், சோதனை முறையில் மட்டும் என்ற நிபந்தனையோடு, அத்திட்டத்துக்கு அர்பானாவில் இடம் கிடைத்தது.

சோதனை நிலைபெற்றது. கட்டட வாயில்களில் சாய்தளங்கள் எழுந்தன. 1950-களில், சக்கர நாற்காலியோடு ஆளை ஏற்றும் பொறி பொருத்திய பேருந்துகள் வளாகத்தில் ஓடலாயின. நியூஜென்ட் தம் மாணவர்களிடம் இரக்கம் காட்டினாரல்லர். தம் நாற்காலியைத் தாமே உருட்டிச் செல்லவேண்டும் என்று கண்டிப்புடன் நடத்தினார். வழியைத் திறந்துவிடுவது பல்கலைக்கழகத்தின் கடன். அவ்வழியே செல்வது மாணவனின் கடன் என்பது அவர் கொள்கை.

அங்கே பெற்ற அனுபவம் அவ்வளாகத்தோடு நின்றுவிடவில்லை. நியூஜென்ட் தலைமையில் நடந்த ஆராய்ச்சியின் பயனாக 1961-ஆம் ஆண்டில் அமெரிக்கக் கட்டடங்களுக்கான தர அளவு ஒன்று வெளிவந்தது. சில பக்கங்களே கொண்ட சிறு ஏடு அது. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமேனும் சாய்தளம் அமையவேண்டும் என்றது. கதவு திறந்த நிலையில் 32 அங்குலமாவது இடைவெளி இருத்தல்வேண்டும் என்றது. பார்வையற்றோர் தடவி அறியும்படி அறைகளில் புடைப்பெழுத்துப் பொறிக்கவேண்டும் என்றது. அரையடி உயரமுள்ள மூன்று படிகளைக் கருதுங்கள். மொத்த உயரம் ஒன்றரை அடி. வேண்டிய சாய்தளம் பதினெட்டு அடி. அதனினும் குறுகினால் ஏற்றம் செங்குத்தாகிக் கை ஓய்ந்துவிடும். கருணை என்று எண்ணப்பட்டது இவ்வாறு கணக்காக மாறியது. கணக்கானபின் அதைத் தட்டிக்கழிப்பது எளிதன்று.

மறு ஆண்டு, 1962-இல், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எட் ராபர்ட்ஸ் என்னும் இளைஞர் சேர்ந்தார். பதினான்கு வயதில் இளம்பிள்ளை வாதத்தால் கைகால் செயலிழந்தவர் அவர். இரவில் மூச்சுவிட 'இரும்பு நுரையீரல்' என்னும் பெரும் பொறி வேண்டியிருந்தது. அதைத் தாங்கும் விடுதி அறை இன்மையால், வளாகத்து மருத்துவமனையிலேயே தங்கிப் பயின்றார். அவரைப் பின்பற்றி மற்றவர்களும் வந்தனர். அவர்கள் வளாகத்தோடு அமையாமல், நகரின் நடைபாதை ஓரங்களையும் சரிவாக்குமாறு கேட்டுப் பெற்றனர். அச்சரிவுகள் குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும் சுமைவண்டி இழுப்போனுக்கும் சேர்ந்தே பயன்பட்டன. பின்னாளில், 1975-ஆம் ஆண்டில், மாநில மறுவாழ்வுத் துறைக்கே ராபர்ட்ஸ் இயக்குநரானார்.

அரசுப் பணம் பெறும் நிறுவனம் எதுவும் ஊனத்தைக் காரணங்காட்டி ஒருவரை விலக்கலாகாது என்று அமெரிக்கா 1973-ஆம் ஆண்டில் சட்டம் செய்தது. அதற்குரிய விதிகள் நான்காண்டுகள் தாமதமாயின. 1977-ஆம் ஆண்டில் சான் பிரான்சிஸ்கோ நகரின் அரசுக் கட்டடமொன்றில் மாற்றுத்திறனாளிகள் மூன்று வாரங்களுக்கு மேல் அமர்ந்து போராடிய பின்னரே அவை கையொப்பமாயின. நம் நாட்டிலும், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற கல்வி நிலையங்கள் தம் கட்டடங்களையும் வளாகத்தையும் அனைவரும் அணுகத்தக்கனவாக ஆக்கவேண்டும் என்கிறது. ஒன்றுக்குப் பன்னிரண்டு என்னும் அந்தப் பழைய கணக்கு நம் கட்டட நெறிமுறைகளிலும் இடம்பெற்றுள்ளது.

நண்பர்களே, இவ்வரலாறு புகட்டும் பாடம் ஒன்றே. ஒருவர் வகுப்பறைக்குள் வர இயலாதபோது, 'அவர் கால் பழுது' என்று கூறி அமைகிறோம். கால் இயற்கையாலோ விபத்தாலோ பழுதானது. படியோ மனிதன் வரைபடம் போட்டுக் கட்டியது. மனிதன் கட்டியதை மனிதன் மாற்றலாம் அன்றோ? நாளை உங்கள் கல்லூரி வாசலில் நுழையும்போது ஒரு கணம் நின்று படிகளை எண்ணுங்கள். உயரத்தை அளந்து பன்னிரண்டால் பெருக்குங்கள். அத்தனை அடி நீளச் சாய்தளம் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையெனில், உங்களோடு படித்திருக்க வேண்டிய ஒரு மாணவர் இன்று வீட்டில் இருக்கக்கூடும். அவரை அழைத்து வருவதற்கான முதற்பலகையை இடும் பொறுப்பு உங்களுடையது.