நகைப்புக்கு வழங்கப்பட்ட அனுமதி: அமெரிக்கப் பின்னிரவுத் தொலைக்காட்சியும் அரசியலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியலைத் தாராண்மை நோக்குடன் அவதானிப்போரிடையே ஒரு நம்பிக்கை நெடுங்காலமாக வேரூன்றியுள்ளது. பத்திரிகைகள் தயங்கியவிடத்தும் எதிர்க்கட்சி தளர்ந்தவிடத்தும், இரவு பதினொன்றரை மணிக்குத் தொலைக்காட்சியிலே தோன்றும் நகைச்சுவையாளன் அதிகாரத்தின் முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லிவிடுகிறான் என்பதே அந்நம்பிக்கை. 2025 ஆம் ஆண்டில் ஸ்ரீபன் கோல்பேர், ஜிம்மி கிமல் ஆகிய இருவரின் நிகழ்ச்சிகள் குறித்து எழுந்த சர்ச்சை இதனை மேலும் உறுதிப்படுத்தியதாகப் பலர் கருதினர். ஆயினும் இந்நிகழ்ச்சிகளின் வரலாற்றை ஊன்றி நோக்குவோர் வேறொரு வினாவை எழுப்ப வேண்டியவராகின்றனர். அந்நகைப்புக்கு அனுமதி வழங்கியவர் யார்? அதனைத் திரும்பப் பெறும் உரிமை எவர் கையில் இருந்தது?

அமெரிக்க அரசியல் யாப்பின் முதலாவது திருத்தம் பேச்சுரிமையையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் காக்கின்றது என்பது யாவரும் அறிந்ததே. ஆனால் அச்சியந்திரத்துக்கும் வானலைக்கும் இடையே சட்டம் ஆரம்பத்திலிருந்தே வேறுபாடு கற்பித்து வந்துள்ளது. அச்சகம் ஒன்றை நிறுவ விரும்புவோன் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வானலைகளோ எண்ணிக்கையில் வரையறுக்கப்பட்டவை. எனவே அவை பொதுச்சொத்து எனவும், பொதுநலனுக்கு உகந்தவாறு பயன்படுத்துவோர்க்கே அவற்றை வழங்கலாம் எனவும் 1927 ஆம் ஆண்டின் வானொலிச் சட்டமும் 1934 ஆம் ஆண்டின் தொடர்பாடற் சட்டமும் விதித்தன. பின்னைய சட்டத்தின்வழிப் பிறந்ததே சமஷ்டித் தொடர்பாடல் ஆணைக்குழு. வேட்பாளர் ஒருவருக்கு நேரம் அளிக்கும் நிலையம் ஏனையோர்க்கும் சமநேரம் அளிக்க வேண்டும் என அச்சட்டத்தின் 315 ஆம் பிரிவு கூறிற்று. 1949 இல், சர்ச்சைக்குரிய பொதுவிடயங்களில் மாறுபட்ட கருத்துகளுக்கும் இடமளிக்க வேண்டும் என்னும் ‘நேர்மைக் கோட்பாடு’ வகுக்கப்பட்டது. 1969 இல் உயர் நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது.

இங்கு ஒரு நுட்பம் கவனித்தற்குரியது. 1982 இல் தொடங்கிய ரூபவாஹினி போன்ற ஒரு தேசியக் கூட்டுத்தாபனத்தை மனத்திற்கொண்டு அமெரிக்க ஒளிபரப்பை நோக்குவோர் மயக்கத்துக்குள்ளாவர். என்.பி.சி., சி.பி.எஸ்., ஏ.பி.சி. என்பன நிகழ்ச்சிகளைத் தயாரித்து வழங்கும் வலையமைப்புகள். அவற்றுக்குச் சொந்தமான நிலையங்கள் சிலவே. நாடெங்கும் பரந்துள்ள நிலையங்களிற் பெரும்பாலானவை வேறு கம்பனிகளுக்கு உரியவை. அனுமதிப்பத்திரம் வழங்கப்படுவது வலையமைப்புக்கன்று, நிலையத்துக்கே. எனவே நியூயோர்க்கிலோ கலிபோர்ணியாவிலோ ஒருவன் சொல்லும் பகடி, தென்மாநிலச் சிறுநகர் ஒன்றின் நிலையச் சொந்தக்காரன் அதனை ஏற்றாலன்றி அந்நகர மக்களைச் சென்றடையாது. பின்வரும் வரலாற்றிற் பெரும்பகுதி இச்சொந்தக்காரனின் அச்சத்தைச் சுற்றியே சுழல்கின்றது.

என்.பி.சி.யின் பின்னிரவு நிகழ்ச்சி 1954 செப்டெம்பரில் ஸ்ரீவ் அலனுடன் நாடளாவிய ரீதியில் ஆரம்பமாயிற்று. 1957 இல் ஜக் பார் அதனைப் பொறுப்பேற்ற பின்னரே அரசியல்வாதிகள் அதன் பயனை உணரத் தொடங்கினர். 1960 தேர்தலாண்டில் கென்னடி, நிக்சன் இருவருமே அவருடைய நிகழ்ச்சியிலே தோன்றினர். அவ்வாண்டின் தொலைக்காட்சி விவாதங்களைப் பற்றிப் பேசுவோர் நிக்சனைக் கமராவுக்குத் தோற்றவராகவே சித்திரிப்பர். அவர் அத்தோல்வியிலிருந்து எதனைக் கற்றார் என்பதை ஆராய்வோர் குறைவு. 1962 நவம்பரில் கலிபோர்ணிய ஆளுநர் தேர்தலிலும் தோல்வியுற்று, அதுவே தமது இறுதிப் பத்திரிகையாளர் மாநாடு எனச் சினந்து கூறிச் சென்ற அதே நிக்சன், நான்கு மாதங்களின் பின்னர் 1963 மார்ச்சில் பாரின் புதிய நிகழ்ச்சியில் அமர்ந்து, தாமே இயற்றிய இசையைப் பியானோவில் வாசித்தார்.

1968 செப்டெம்பரில் ‘லாவ் இன்’ என்னும் நகைச்சுவை நிகழ்ச்சியிலே சில விநாடிகள் தோன்றி, அந்நிகழ்ச்சியிற் புகழ்பெற்றிருந்த ஒரு கேலித் தொடரை வியப்புடன் தாமே சொன்னார். அந்நிகழ்ச்சியின் எழுத்தாளருள் முக்கியமானவரான போல் கீஸ், பாரிடம் பணியாற்றியவர், நிக்சனின் நண்பரும்கூட. அதே வாய்ப்பு ஹம்பிறிக்கும் அளிக்கப்பட்டது, அவர் மறுத்துவிட்டார். அந்தத் தேர்தலில் இருவருக்கும் இடையேயிருந்த வேறுபாடு நூற்றுக்கு ஒரு வீதத்திலும் குறைவு. சில விநாடிப் பகடியே தேர்தலைத் தீர்மானித்தது எனக் கூறுவது மிகை. எனினும், நகைப்பு தாராண்மைவாதிகளின் படைக்கலம் என எண்ணுவோர், அதனை முதலிற் செம்மையாகக் கையாண்ட ஜனாதிபதி வேட்பாளர் நிக்சனே என்பதை மறந்துவிடலாகாது.

அதே காலப்பகுதியிற் சி.பி.எஸ். வலையமைப்பில் ரொம் ஸ்மதர்ஸ், டிக் ஸ்மதர்ஸ் என்னும் சகோதரர் இருவர் நடத்திய நிகழ்ச்சியின் கதை இவ்வாராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. அது பின்னிரவு நிகழ்ச்சியன்று. ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு ஒளிபரப்பாயிற்று. ஆனால் பின்னாளிற் பின்னிரவு நிகழ்ச்சிகள் அனைத்தையும் சூழ்ந்த பிரச்சினை அங்கேதான் முதன்முதலாக முழுவடிவிற் காணப்படுகின்றது. 1967 பெப்ரவரியில் ஆரம்பித்த அந்நிகழ்ச்சிக்கு, பல்லாண்டுகளாகத் தொலைக்காட்சி வலையமைப்புகளால் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த நாட்டார் பாடகர் பீற் சீகர் செப்டெம்பரில் அழைக்கப்பட்டார். இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் பயிற்சியொன்றில், ஆழம் அறியாது படையினரை ஆற்றினுள் நடத்திச் சென்று மூழ்கிப்போன அதிகாரி ஒருவனைப் பற்றி அவர் பாடினார். வியட்நாமின் பெயர் அப்பாடலில் இல்லை. ஆயினும் எந்த ஆறு, எந்த அதிகாரி என்பதைச் சி.பி.எஸ். தணிக்கையாளர் விளங்கிக்கொண்டனர், பாடல் வெட்டப்பட்டது. ஐந்து மாதங்களின் பின்னர், 1968 பெப்ரவரி 25 ஆம் நாள், அதே பாடலை அதே நிகழ்ச்சியிற் பாடச் சீகருக்கு இடமளிக்கப்பட்டது.

இவ்வைந்து மாதங்களில் மாறியது தணிக்கையாளரின் மனச்சாட்சி எனக் கொள்வதற்கில்லை. ஜனவரி இறுதியில் ‘ரெற்’ தாக்குதல் நிகழ்ந்தது. வெற்றி அண்மித்துவிட்டது என்னும் அரசாங்கக் கூற்று அதனாற் சிதைந்தது. சீகர் பாடி இரு நாட்களில் அதே சி.பி.எஸ்.ஸில் வோல்ரர் குறொங்கைற், போர் இழுபறியிலேயே முடியும் எனத் தமது கருத்தை வெளியிட்டார். மார்ச் 31 ஆம் நாள் தாம் மீண்டும் போட்டியிடப்போவதில்லை என ஜோன்சன் அறிவித்தார். நாட்டின் அபிப்பிராயம் அசைந்த பின்னரே பாடலுக்குக் கதவு திறந்தது என்பது இத்திகதிகளின் வரிசையிலேயே புலனாகின்றது.

அதே ஆண்டு செப்டெம்பரில், சிக்காகோ மாநாட்டுக் கலவரக் காட்சிகளின் பின்னணியில் ஹரி பெலபொன்ரே பாடிய பகுதி முற்றாக நீக்கப்பட்டது. நிகழ்ச்சியின் பதிவை முன்கூட்டியே இணை நிலையங்களுக்குக் காட்ட வேண்டும் என்னும் நிபந்தனை விதிக்கப்பட்டது. 1969 ஏப்ரிலில், பதிவு உரிய வேளையில் ஒப்படைக்கப்படவில்லை என்னும் காரணத்தைக் காட்டி நிகழ்ச்சியே நிறுத்தப்பட்டது. சகோதரர் வழக்குத் தொடுத்து, 1973 இல் 7 இலட்சத்துக்கும் அதிகமான டொலர் இழப்பீடு பெற்றனர். ஒப்பந்தம் மீறப்பட்டதே வழக்கிலே வென்ற விடயம், நிகழ்ச்சி மீளவில்லை. அவர்களது கேலிக்கு மிகுதியும் ஆளான ஜோன்சன், தலைமைப் பதவிக்குரிய விலைகளுள் ஏளனத்துக்கு ஆளாவதும் ஒன்று என்னும் கருத்துப்பட 1968 நவம்பரில் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவர் பெருந்தன்மையாளராக இருந்திருக்கலாம். பதவியை விட்டகலும் தறுவாயில் இருந்தவர் என்பதையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

நிக்சன் ஆட்சியில் இவ்வச்சம் வெளிப்படையான அரசியற் கருவியாயிற்று. 1969 நவம்பரில் உப ஜனாதிபதி ஸ்பைரோ அக்னியு, தேர்ந்தெடுக்கப்படாத ஒரு சிறு குழுவினர் நாட்டுக்குச் செய்தியைத் தெரிவுசெய்து அளிக்கின்றனர் எனச் சாடினார். ஏ.பி.சி.யின் பின்னிரவு நிகழ்ச்சியை நடத்திய டிக் கவெற், 1971 ஜூன் 30 இல் வியட்நாமிலே போரிட்டுத் திரும்பிய ஜோன் கெரியையும் ஜோன் ஓநீலையும் எதிரெதிரே அமர்த்தி விவாதிக்கச் செய்தார். கவெற்றை எவ்வாறு பழிதீர்க்கலாம் என நிக்சன் வினாவியமை வெள்ளைமாளிகை ஒலிநாடாக்களிற் பதிவாகியுள்ளது. அதே நாடாக்களில், 1972 செப்டெம்பரில், ‘வாஷிங்ரன் போஸ்ற்’ நிறுவனம் தன் தொலைக்காட்சி நிலையங்களின் அனுமதிப்பத்திரங்களைப் புதுப்பிக்கையில் இடர்ப்படும் என அவர் கூறுவதும் உண்டு. சில மாதங்களில் அந்நிறுவனத்துக்குரிய புளோரிடா நிலையங்களின் அனுமதிப்பத்திரங்களுக்கு எதிராக மனுக்கள் கிளம்பின. வோட்டர்கேற்றை அம்பலப்படுத்திய பத்திரிகையைத் தொட முடியாதிருந்தது. அதன் தொலைக்காட்சிகளைத் தொட முடிந்தது. 1927 இல் வகுக்கப்பட்ட அந்த வேறுபாட்டின் முழுப் பொருளும் இங்கே வெளிப்படுகின்றது.

அனுமதிப்பத்திர முறையே கொடியது, அதனை நீக்கிவிட்டால் யாவும் சீராகும் எனத் தாராண்மைவாதி ஒருவன் விரைந்து முடிவுகட்டுவானாயின், அவனுக்கு மிஸிஸிப்பி மாநிலத்து ஜக்சன் நகரின் உதாரணத்தைக் காட்டலாம். அந்நகரின் நிலையம் ஒன்று கறுப்பின மக்களின் உரிமைக் குரலைத் தன் ஒளிபரப்பிலிருந்து திட்டமிட்டு ஒதுக்கி வந்தது. நிலையத்தின் நேயர்களுக்கு வழக்காடும் தகுதி உண்டு என மேன்முறையீட்டு நீதிமன்றம் 1966 இல் தீர்ப்பளித்தது. 1969 இல் அதன் அனுமதிப்பத்திரப் புதுப்பிப்பு இரத்தாயிற்று. நிக்சன் ஏந்த விரும்பிய அதே ஆயுதத்தைக் குடியியல் உரிமை இயக்கத்தினர் நியாயமான நோக்கத்துக்காக ஏந்தி வெற்றியும் கண்டனர். தாராண்மைச் சிந்தனைக்குள் இருக்கும் இம்முரண்பாட்டை அச்சிந்தனையாளர்கள் இன்னும் தீர்த்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இச்சூழலில் 1962 அக்டோபர் முதல் 1992 மே வரை முப்பதாண்டுகள் பின்னிரவை ஆண்ட ஜொனி கார்சனின் நடுநிலை நன்கு விளங்குகின்றது. அவர் இரு கட்சியினரையும் எள்ளினார். எந்தப் பக்கமும் சாயவில்லை. நகைச்சுவையாளன் தன்னைப் பெரியவனாக எண்ணி மக்களின் கருத்தைத் திருப்ப முனைவது அபாயம் எனவும் அவர் கருதினார். அவ்வச்சம் அடிப்படையற்றதன்று. 1973 டிசம்பரில், விஸ்கொன்சின் காங்கிரஸ் உறுப்பினர் ஒருவரின் அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு, மலசலகூடக் கடதாசிக்குத் தட்டுப்பாடு வரப்போவதாக அவர் பகடி விட்டார். மறுநாட் காலை மக்கள் கடைகளுக்கு ஓடி, இருந்ததையெல்லாம் வாங்கிக் குவித்தனர். இல்லாத தட்டுப்பாடு உண்டாயிற்று. எண்ணெய் நெருக்கடியால் மக்கள் ஏற்கெனவே கலங்கியிருந்த காலம் அது. அரசியலைப் பேசாதிருந்தவனுக்கு இத்துணைச் செல்வாக்கு இருந்தது என்பது சிரிப்புக்குரிய செய்தி மட்டுமன்று.

1975 இல் தொடங்கிய சனி இரவு நிகழ்ச்சியில் செவி சேஸ், ஜனாதிபதி போர்ட்டை ஓயாது இடறி விழுபவராகச் சித்திரித்தார். போர்ட்டின் பத்திரிகைச் செயலாளரே 1976 ஏப்ரிலில் அந்நிகழ்ச்சியை நடத்த ஒப்புக்கொண்டார். 1988 மாநாட்டில் அளவுமீறி நீண்ட உரையாற்றி நகைப்புக்கிடமான பில் கிளின்ரன், கார்சனிடம் சென்று சக்சபோன் வாசித்துத் தம் பெயரை மீட்டுக்கொண்டார். 1992 ஜூனில் ஆர்சனியோ ஹோலின் நிகழ்ச்சியில் மீண்டும் வாசித்தார். நிக்சனின் பியானோவே இங்கு வேறு வாத்தியமாயிற்று.

நேர்மைக் கோட்பாடு 1987 இற் கைவிடப்பட்டது. அதேவேளை கம்பிவழித் தொலைக்காட்சி பரவிற்று. அதற்கு வானலை அனுமதிப்பத்திரம் தேவையில்லை. 1999 முதல் ஜோன் ஸ்ருவேர்ட்டும் பின்னர் கோல்பேரும் கம்பிவழியே காட்டிய துணிவுக்கு அவர்களது திறமையோடு இவ்வமைப்பும் காரணமாயிற்று. ஆனால் அங்கு நேயர்கள் பிளவுண்டனர். பழமைபேண்வாதியாக நடித்துப் பழமைபேண்வாதத்தை எள்ளிய கோல்பேரை, பழமைபேண்வாதிகள் பலர் உள்ளூரத் தம் பக்கத்தவரென்றே நம்பினர் என 2009 இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. தாராண்மை நேயர் தமக்குள் சிரித்துக்கொண்டிருந்த வேளையில், சிரிப்புக்கு இலக்கானவர் வேறொரு நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தனர் எனலாம்.

கோல்பேர் 2015 இற் சி.பி.எஸ்.ஸின் பின்னிரவுக்கு வந்தபோது மீண்டும் அனுமதிப்பத்திர உலகினுள் நுழைந்தார். 2025 ஜூலையில், சி.பி.எஸ்.ஸின் தாய் நிறுவனமான பரமவுண்ட், ஜனாதிபதி ட்ரம்ப் தொடுத்த வழக்கொன்றை 1 கோடியே 60 இலட்சம் டொலருக்குச் சமரசம் செய்தமையை அவர் நிகழ்ச்சியில் வைத்தே கண்டித்தார். மூன்று நாட்களில், அந்நிகழ்ச்சி 2026 மே மாதத்துடன் முடிவுறும் என அறிவிக்கப்பட்டது. ஒரு வாரத்தின் பின் அந்நிறுவனத்தின் இணைப்புக்கு ஆணைக்குழு ஒப்புதல் அளித்தது. நிதிக் காரணமே எனச் சி.பி.எஸ். கூறிற்று. பின்னிரவு விளம்பர வருமானம் பல்லாண்டுகளாகச் சரிந்து வந்தமையால், அக்கூற்றை முற்றாக மறுப்பதும் எளிதன்று.

கிமலின் நிகழ்வில் இத்தகைய ஐயத்துக்கு இடம் குறைவு. சார்லி கேர்க் 2025 செப்டெம்பர் 10 ஆம் நாள் கொலையுண்டமை தொடர்பாகக் கிமல் கூறியதை முன்னிட்டு, ஆணைக்குழுத் தலைவர் 17 ஆம் நாள் பகிரங்கமாக எச்சரித்தார்; இணை நிலையங்கள் எதிர்ப்புக் காட்ட வேண்டும் என்றார். அன்றே நெக்ஸ்ரார் நிறுவனம் தன் நிலையங்களில் நிகழ்ச்சியை நிறுத்துவதாக அறிவித்தது. அந்நிறுவனம் அவ்வேளை வேறொரு கம்பனியை வாங்க ஆணைக்குழுவின் ஒப்புதலை எதிர்பார்த்திருந்தது. ஏ.பி.சி.யும் நிகழ்ச்சியை இடைநிறுத்திற்று. பொதுமக்களின் எதிர்ப்பையடுத்து 23 ஆம் நாள் கிமல் திரும்பியபோது 60 இலட்சத்துக்கும் அதிகமானோர் அதனைப் பார்த்தனர். ஆயினும் நெக்ஸ்ரார், சின்கிளெயர் ஆகிய இரு நிறுவனங்களின் நிலையங்கள் மேலும் மூன்று நாட்கள் அதனை ஒளிபரப்பவில்லை. தலைநகர் வாஷிங்ரனின் ஏ.பி.சி. நிலையம் சின்கிளெயருக்கு உரியது. நாடெங்கும் பேசப்பட்ட அந்த இரவில், வெள்ளைமாளிகை அமைந்துள்ள நகரத்தார் அவ்வலைவரிசையைத் திருப்பியபோது அங்கு செய்தி நிகழ்ச்சியே ஓடிக்கொண்டிருந்தது.