பள்ளி நேரத்திற்குப் பிந்தைய உணவுத் திட்டம் (அமெரிக்கா)

அமெரிக்க வேளாண்மைத் துறை நடத்தும் குழந்தைகள், முதியோர் பராமரிப்பு உணவுத் திட்டத்தின் ஒரு பிரிவு. பள்ளி விட்டபின் பாடமோ பயிற்சியோ அளிக்கும் மையங்களில், 18 வயது வரையுள்ளோருக்கு ஒரு வேளை உணவும் (பெரும்பாலும் இரவுணவு) ஒரு சிற்றுண்டியும் இலவசமாகக் கிடைக்கின்றன. அப்பகுதிப் பள்ளியில் குறைந்தது பாதி மாணவர்கள் இலவச அல்லது சலுகை விலை உணவுக்குத் தகுதி பெற்றிருந்தால் மையம் இதில் சேரலாம். தனிப்பட்ட பிள்ளையின் வீட்டு வருமானம் கேட்கப்படுவதில்லை; யாரையும் ஏழை என்று அடையாளப்படுத்தாமல் பசியாற்றும் இந்த ஏற்பாடே திட்டத்தின் மிகச் சிறந்த கூறு. இரவுணவில் பால், காய், பழம், தானியம், இறைச்சி அல்லது பயறு போன்ற புரத உணவு இடம்பெற வேண்டும். பரிமாறிய உணவுகளின் எண்ணிக்கைக்கேற்ப அரசு பின்னர் பணம் தருவதால், கைமுதல் குறைந்த சிறு அமைப்புகளுக்கு இது சுமையே. தொடக்கத்தில் சில மாநிலங்களில் மட்டும் இருந்த இரவுணவை 2010ஆம் ஆண்டுச் சட்டம் நாடு முழுவதற்கும் விரிவாக்கியது. கோடை விடுமுறைக்குத் தனித் திட்டம் உண்டு.