மரமேறும் தொழில் (நெம்மேலிக் கடற்கரை)

செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரை ஊர்களில் தென்னை, பனை ஆகியவற்றில் ஏறிக் காய் பறித்தல், கொண்டையைச் சுத்தம் செய்தல், வண்டெடுத்தல், மருந்து வைத்தல், பாளை சீவுதல், மட்டை கழித்தல், புயலில் சாய்ந்தவற்றை அறுத்து அகற்றுதல் ஆகிய வேலைகளின் தொகுதி மரமேறும் தொழில் எனப்படும். மரத்திலேயே நாளைக் கழிப்பவரை மரமேறி என்றும், பனையில் மட்டும் தொழில் செய்பவரைப் பனையேறி என்றும் சொல்வர். வேளாண் நூல்கள் இவர்களை ‘அறுவடைக் கூலி’ என்ற தலைப்பில் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. உண்மையில் தென்னைக்கும் பனைக்கும் மருத்துவர் இவர்களே. உச்சியில் என்ன நோய் என்று கண்ணால் கண்டு சொல்லக்கூடியவர் ஊரில் வேறொருவர் இல்லை.

நெம்மேலி, திருப்போரூர் வட்டத்தில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த ஊர். 2013 முதல் இயங்கும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தால் அதன் பெயர் வெளியூர்களுக்கும் தெரியும். கிழக்கே கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாய், இடையே மணல் மேடு. மணலுக்குள் மழைநீர் தங்கி, உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படலமாக நிற்கிறது. தென்னை, பனை, சவுக்கு மூன்றும் இதை நம்பியே வளர்கின்றன. சவுக்கை ஏறிப் பராமரிக்கும் வழக்கம் இல்லை. நட்ட சில ஆண்டுகளில் அடியோடு வெட்டி எடுப்பார்கள். ஆகவே மரமேறிக்கு உரியவை முதலிரண்டே.

புறக்காழ், அகக்காழ்

தொல்காப்பிய மரபியல் தாவரங்களை இரண்டாகப் பிரிக்கிறது. வெளிப்புறம் வைரம் பாய்ந்தவை (புறக்காழ்) புல், உட்புறம் வைரம் பாய்ந்தவை (அகக்காழ்) மரம். இந்த அளவுகோலில் தென்னையும் பனையும் மரமல்ல, புல். ஓலை, மடல், பாளை, ஈர்க்கு, குலை முதலிய உறுப்புப் பெயர்களை மரபியல் புல்லினத்துக்கே உரியனவாக வகுக்கிறது. மரமேறி இன்றைக்கும் இதே பெயர்களைத்தான் புழங்குகிறார். இன்றைய தாவரவியலும் இவ்விரண்டையும் ஒருவித்திலைத் தாவரங்களில் வைத்து, புல், மூங்கில் ஆகியவற்றின் பக்கமே சேர்க்கிறது. ஆலும் வேம்பும் நிற்கும் வரிசை வேறு.

இந்தப் பகுப்பை ஏட்டறிவு என்று ஒதுக்க முடியாது. மரமேறியின் வேலை முறை முழுவதும் இதிலிருந்தே பிறக்கிறது. ஆல், வேம்பு, புங்கன் போன்றவற்றில் பட்டைக்கு அடியில் வளரும் திசு உண்டு. அதனால் தண்டு ஆண்டுதோறும் பருக்கும், காயம் பட்டால் ஓரத்திலிருந்து மூடிக்கொள்ளும், கிளையை வெட்டினால் வேறு கிளை தழைக்கும். தென்னைக்கும் பனைக்கும் அத்திசு இல்லை. தண்டில் பட்ட வெட்டு அப்படியே இருக்கும். ஏறுவதற்கு வசதியாகச் சில தோப்புகளில் தண்டில் படி வெட்டியிருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பள்ளங்கள் மரம் உள்ளவரை ஆறாமல் நின்று நீர் தேங்கவும் பூச்சி புகவும் வழிவிடுகின்றன. படி வெட்டுவது தவறான பழக்கம், தேர்ந்த கையினர் அதைச் செய்வதில்லை.

இரண்டாவது செய்தி குருத்து. இவ்வினத்துக்கு வளரும் முனை ஒன்றே ஒன்றுதான், அது கொண்டையின் நடுவில் இருக்கிறது. குருத்து அழுகினாலோ வண்டு அதை முற்றாகக் குடைந்தாலோ மரம் முடிந்தது. அதனால் ஏறியவர் கொண்டைக்குள் நுழைந்ததும் முதலில் பார்ப்பது குருத்தையே. காய் எத்தனை என்பது அதற்கு அப்புறம்.

பழைய சான்றுகள்

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன் மீது பாடியது. காஞ்சிக்குப் போகும் வழியில் நீர்ப்பெயற்று என்னும் துறைமுகத்தைக் காட்டி, அதை அடுத்துத் தோப்பு உழவர்களின் தனித்தனி வீடுகளைச் சொல்கிறது. காய்ந்த தென்னை மடலால் வேய்ந்த கூரை, மஞ்சள் விளையும் முற்றம். நீர்ப்பெயற்றை மாமல்லபுரத்தோடு பொருத்துவதே தகும், வேறிடம் தேட வேண்டியதில்லை. அவ்வாறு கொண்டால், இக்கரையில் தென்னைத் தோப்பை நம்பி வாழ்ந்த குடிகளைப் பற்றிய முதல் இலக்கியச் சான்று இதுவே. கூரைக்கு மடல் கழித்துப் போட்டவர் யார் என்று பாட்டு தனியே சொல்லவில்லை. ஆனால் யாரோ ஏறித்தான் கழித்திருக்க வேண்டும்.

செப்பேடுகளில் மரமேறி வெளிப்படையாகவே வருகிறார், வரி செலுத்துபவராக. இரண்டாம் நந்திவர்மப் பல்லவனின் காசாக்குடிச் செப்பேடு, தானமாகத் தந்த ஊரில் அரசனுக்கு இனிச் சேராத வரிகளை அடுக்கும்போது, கள்ளிறக்குவோர் கட்டிய ஈழப்பூட்சியையும் இடையரும் குயவரும் கட்டிய வரிகளோடு சேர்த்தே குறிக்கிறது. முதலாம் இராசராசன் நாகப்பட்டினத்துச் சூடாமணிப் பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலத்தை அளித்த ஆணை லெய்டன் செப்பேடுகளில் உள்ளது. அதில் தானம் பெற்ற ஊரின் தென்னையிலும் பனையிலும் கள்ளிறக்கும் ஈழவர் ஏறலாகாது என்ற விலக்கு காணப்படுகிறது. சோழர் காலத் தானங்களில் இத்தகைய வாசகம் அரியதன்று. விகாரத்துக்கோ பிராமணருக்கோ போன ஊரில் மரத்தின் பயன் புதிய உடைமையாளருக்கு உரியதாகி, அதுவரை ஏறிவந்தவர் கீழே இறக்கப்பட்டார் என்பதே இதன் பொருள். மரமேறியை நம் வரலாறு அறிந்தது இரண்டு வகையில்தான்: வரி கொடுப்பவராக, அல்லது ஏறக்கூடாது என்று சொல்லப்பட்டவராக. அவருடைய கயிறு என்ன, கத்தி என்ன, ஒரு நாளைக்கு எத்தனை மரம் என்பதைக் கல்வெட்டு எழுதுபவர் கேட்டதில்லை.

ஆங்கிலேயர் காலத்தில் 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரி (மதுவரி)ச் சட்டம் வந்தது. பின்னர் மரவரி முறையில், கள்ளிறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் உரிமம், ஒவ்வொரு மரத்திலும் எண். 1937இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948 அக்டோபரில் அது மாகாணம் முழுமைக்கும் விரிந்தது. 1971இல் தளர்த்தி, பிறகு மூடி, மறுபடி திறந்து, 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளிறக்கத் தடை நிலைத்துவிட்டது. கள்ளின் மீதான தடை மரத்தின் மீதான தடையாகவே முடிந்தது. பாளை சீவ யாரும் ஏறாத பனையில் காய்ந்த மட்டை கழிக்கவும் யாரும் ஏறுவதில்லை. மட்டை பாவாடைபோல் சுற்றித் தொங்கும் பனைகள் இக்கடற்கரையில் நிறைய உண்டு. கேட்பாரற்ற பனை செங்கல் சூளைக்கு விறகாகப் போனதற்கும் இதுவே வழிவகுத்தது.

தென்னையில்

வேலை விடியலில் தொடங்கும். உச்சிப்பொழுதில் கடற்காற்று எழுந்தால் நெட்டைத் தென்னையின் கொண்டை ஆடும், அதற்குள் பெரிய மரங்களை முடித்துவிட வேண்டும். மழை பெய்த மறுநாள் தண்டு வழுக்கும் என்பதால் ஏறுவதில்லை. அடியில் நின்று அண்ணாந்து பார்ப்பது முதல் வேலை: தொங்கும் காய்ந்த மட்டை, கதண்டுக் கூடு, அருகில் மின்கம்பி. இம்மூன்றில் எது இருந்தாலும் ஏறும் பக்கம் மாறும், சில சமயம் அந்த மரமே அன்றைக்கு விடப்படும். காலில் தளை, கயிறு, இடுப்பில் செருகிய கத்தி ஆகியவையே கருவிகள்.

நெட்டைத் தென்னை ஏறத்தாழ மாதம் ஒரு பாளை விடும். பாளை வெடித்துக் காய் முற்ற 12 மாதம். இளநீருக்கு 7 மாதக் காய். 45 நாள் முதல் 60 நாளுக்கு ஒருமுறை பறிப்பு. குலையில் எது முற்றியது என்பதை நிறமும் விரலால் தட்டிக் கேட்கும் ஓசையும் சொல்லும். அடுத்து வேண்டாதவற்றைக் கழித்தல்: காய்ந்த மட்டை, பன்னாடை, காய் பிடிக்காத பாளை. பச்சை மட்டையை வெட்டக்கூடாது. வெட்டியே ஆகவேண்டிய நிலையில் தண்டிலிருந்து 120 சென்டிமீட்டர் விட்டு வெட்ட வேண்டும் என்பது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. புதுக் காயத்தின் வாடை சிவப்புக் கூன்வண்டை அழைத்துவரும் என்பதே காரணம். கூன்வண்டு உள்ளே புகுந்த மரத்தில் துளையிலிருந்து பழுப்பு நீர் வடியும். காதை வைத்தால் புழு கடிக்கும் ஒலி கேட்கும். அநேகமாக அதற்குள் காலம் கடந்திருக்கும்.

காண்டாமிருக வண்டு வேறு வகை. விரியாத குருத்தை அது குடைவதால், மட்டை விரிந்த பிறகு விசிறியை வெட்டியது போன்ற முக்கோண வடுக்கள் தெரியும். நுனி வளைந்த கம்பியைத் துளைக்குள் விட்டு வண்டைக் குத்தி எடுப்பார்கள். பிறகு ஒரு பங்கு வேப்பங்கொட்டைத் தூளும் இரு பங்கு மணலும் கலந்து, மரத்துக்கு 150 கிராம் வீதம் குருத்தை ஒட்டிய மூன்று மட்டை இடுக்குகளில் இடுவார்கள். கடற்கரையில் மணலுக்குப் பஞ்சமில்லை, ஏறுபவருக்குத்தான் பஞ்சம். இதே வண்டு குப்பைக்குழியில் முட்டையிடுவதால், எருக்குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்குமாறு தோப்புக்காரரிடம் சொல்லிவிட்டுப் போவதும் மரமேறியின் வழக்கம். 2016இல் இந்தியாவில் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் கண்டறியப்பட்ட சுருள் வெள்ளை ஈ தமிழகத் தோப்புகளில் பரவியபின், மட்டை முழுதும் கரும்பூஞ்சணம் பூத்த தென்னைகள் பழகிய காட்சியாகிவிட்டன.

கூலி மரத்துக்கு இவ்வளவு என்று பேசப்படும். கூடவே சில காய்கள் கொடுப்பது முறை.

பனையில்

பனையேறியின் நாள் இதைவிடக் கடுமையானது. தென்னையில் ஒருமுறை ஏறினால் ஒன்றரை மாதத்துக்கு அந்த மரம் விட்டுவிடும். பதநீர்ப் பருவத்தில், அதாவது தை பிறந்தது முதல் ஆனி வரை, ஒவ்வொரு பனையிலும் காலையும் மாலையும் ஏறியாக வேண்டும். 30, 40 மரம் பிடித்தவர் இருபொழுதும் அத்தனையிலும் ஏறி இறங்குகிறார். வளர்ந்த பனை 30 மீட்டர் வரை போகும். பாளையைச் சில நாள் இடுக்கி நசுக்கிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவினால் நீர் சொட்டும். பானையின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் தானே புளித்துக் கள். ஒருபொழுது சீவத் தவறினாலும் பாளையின் வாய் காய்ந்து ஒழுக்கு குறையும். ஆதலால் கல்யாணம், காய்ச்சல் என்று பனையேறி நிற்க முடியாது.

நுங்குக் குலையை வெட்டிக் கீழே போட்டால் சிதறும், கயிற்றில் கட்டி இறக்குவார்கள். சித்திரை, வைகாசியில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நுங்கு விற்பவர் கைக்கு அது வருவது இப்படித்தான். ஆண்டுக்கு ஒருமுறை அடிமட்டைகளைக் கழித்துக் கொண்டையைத் திறந்துவிடுவது பனைக்குச் செய்யும் தலையாய பராமரிப்பு. கழிக்காத கொண்டையில் எலி, ஓணான், பாம்பு, கதண்டு எல்லாம் குடியேறும். மட்டையின் ஓரம் இரம்பம்போல் கருக்கு உடையது. பனையேறியின் முன்கையிலும் நெஞ்சிலும் உள்ள தழும்புகள் கருக்கும் தண்டின் சொரசொரப்பும் சேர்ந்து போட்டவை. விழுந்தவர் பிழைத்தாலும் முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடப்பது இத்தொழிலின் பெரிய துயரம். பனைமரத் தொழிலாளர் நல வாரியம் உண்டு. தென்னை ஏறுவோருக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் ‘கேர சுரட்சா’ விபத்துக் காப்பீடும் உண்டு. பதிந்துகொண்டால் மட்டுமே பலன் என்பதால், ஊராட்சி அளவில் பெயர்களைத் திரட்டிப் பதிவதே முதல் தேவை.

அண்மைக் காலம்

2016 டிசம்பர் 12இல் வர்தா புயலும், 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரம் அருகிலேயே கரைகடந்த மாண்டஸ் புயலும் சாய்த்த மரங்களை அறுத்தெடுப்பதில் கயிறு தெரிந்த மரமேறிகளே முன்னின்றனர். 2011இல் தென்னை வளர்ச்சி வாரியம் ‘தென்னை மர நண்பர்கள்’ பயிற்சியைத் தொடங்கியது. கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த ஜோசப் உருவாக்கிய, நின்றபடி ஏறும் கருவி இதனால் பரவியது. சீரான பருமனுள்ள தென்னைக்கு அது பொருந்தும், அடி பருத்து மட்டைக்கட்டை துருத்தும் பனைக்கு ஒத்துவராது. கடற்கரைப் பண்ணை வீடுகளிலும் விடுதிகளிலும் இன்று மரமேறியை அழைப்பது பெரும்பாலும் விருந்தினர் தலையிலோ காரின் மீதோ காய் விழாதிருக்கவே. தமிழ்நாடு அரசின் 2021ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கை 76 லட்சம் பனை விதைகளை வழங்குவதாகவும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதியைக் கட்டாயமாக்குவதாகவும் அறிவித்தது.