கறுப்புத் திரைக்கு ஒரு வேலி: கமாண்ட் எழுதி ஆடும் விளையாட்டுகளின் கதை

போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "இவன் என்ன பண்றான்னு கொஞ்சம் பாரேன்டா. கறுப்பு ஸ்க்ரீன்ல ஏதேதோ டைப் பண்றான், ஹேக் ஹேக்குன்னு வருது. போலீஸ் கேஸ் ஆயிடப் போகுது" என்றாள்.

போய்ப் பார்த்தேன். பையன் ஆடிக்கொண்டிருந்தது பிட்பர்னர் என்ற விளையாட்டு. அவன் திரையில் இருந்த சர்வர் ஒன்றுகூட நிஜ உலகத்தில் கிடையாது. நெட்வொர்க் பொய், பணம் பொய், பாஸ்வேர்டும் பொய். ஆனால் அவன் எழுதிக்கொண்டிருந்த ஸ்க்ரிப்ட் மட்டும் அசல் ஜாவாஸ்க்ரிப்ட்.

"ஒண்ணும் ஆகாதுக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியில்தான் உறைத்தது: ஏன் ஒன்றும் ஆகாது? அதற்கு யார் ஜாமீன்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட ஒரு கதை வருகிறது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

1961: நடுவர் வைத்து ஒரு சண்டை

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் 7090 என்ற பெரிய கணினி இருந்தது. 1961இல் அங்கே வேலை பார்த்த விக்டர் விசாட்ஸ்கி, டக்ளஸ் மெக்கில்ராய், ராபர்ட் மாரிஸ் மூன்று பேரும் சேர்ந்து 'டார்வின்' என்று ஒரு விளையாட்டை உருவாக்கினார்கள்.

கணினியின் நினைவகம்தான் ஆடுகளம். ஆளுக்கொரு ப்ரோக்ராம் எழுதி உள்ளே விட வேண்டும். அதன்பிறகு மனிதருக்கு வேலை இல்லை, ப்ரோக்ராம்கள் தாங்களே அடித்துக்கொள்ளும். நடுவில் 'அம்பயர்' என்று ஒரு ப்ரோக்ராம். அதனிடம் மூன்று உதவிகள் கேட்கலாம். ஓர் இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று துழாவிப் பார்ப்பது ஒன்று, காலி இடத்தைப் பிடிப்பது ஒன்று, எதிரியைக் கொல்வது ஒன்று. எதிரி காவல் வைத்த இடத்தைத் தெரியாமல் துழாவிவிட்டால் ஆட்டம் எதிரியின் கைக்குப் போய்விடும்.

ஆட்டம் கொஞ்ச நாள்தான் நடந்தது. மாரிஸ் 44 கட்டளைகளில் ஒரு ப்ரோக்ராம் எழுதினார். எந்த இடத்தில் கை வைத்தால் ஆபத்தில்லை என்பதை அது ஆட ஆடக் கற்றுக்கொள்ளும், கற்றதைத் தன் நகல்களுக்கும் கொடுக்கும். அதை வெல்ல யாராலும் முடியவில்லை. ஜெயிக்கவே முடியாத ஆட்டத்தை எத்தனை நாள் ஆடுவது? அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

மாரிஸ் என்ற பெயரை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

1984: இல்லாத கணினிக்கு ஒரு மொழி

அடுத்த பெரிய பெயர் ஏ.கே. டூட்னி. கனடாவின் வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் பேராசிரியர். 1984 மே மாத 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் தன் பத்தியில் 'கோர் வார்' என்ற விளையாட்டை அறிமுகப்படுத்தினார். டார்வினின் அதே யோசனைதான், ஆனால் ஒரு முக்கியமான மாற்றம் இருந்தது.

கோர் வாரில் எழுத வேண்டிய மொழியின் பெயர் ரெட்கோட். அந்த மொழி புரியும் கணினி என்று உலகத்தில் எதுவுமே கிடையாது. 'மார்ஸ்' என்ற ஒரு சிமுலேட்டர்தான் அந்தக் கணினியாக நடிக்கிறது. அதன் நினைவகம் வட்டமானது. கடைசி முகவரியைத் தாண்டினால் மறுபடி முதல் முகவரிக்கே வந்து சேருவீர்கள். வெளியே போக வாசலே இல்லை.

'இம்ப்' என்ற போர்வீரன் ஒரே ஒரு வரிதான். தன்னை அடுத்த முகவரிக்கு நகல் எடுப்பான், அங்கே போய் மறுபடி நகல் எடுப்பான், அப்படியே ஓடிக்கொண்டே இருப்பான். இதையே நிஜக் கணினியில் கட்டுப்பாடில்லாமல் விட்டால் இருப்பதையெல்லாம் அழித்துவிடும். மார்ஸுக்குள் அது ஒரு பிள்ளை விளையாட்டு, அவ்வளவுதான். 1986இல் பாஸ்டன் கணினி அருங்காட்சியகத்தில் சர்வதேசப் போட்டியே நடத்தினார்கள். 'மைஸ்' என்ற ப்ரோக்ராம் ஜெயித்தது.

டார்வினில் இருந்தது நடுவர். கோர் வாரில் இருப்பது வேலி. நடுவர் விதியைச் சொல்வார், கேட்பதும் கேட்காததும் ஆடுபவர் கையில். வேலி அப்படி இல்லை, தாண்டவே முடியாது.

1988: வேலி இல்லாத இடத்தில்

1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவர் இணையத்தில் ஒரு ப்ரோக்ராமை அவிழ்த்துவிட்டார். சென்ட்மெயில், ஃபிங்கர் போன்ற சேவைகளில் இருந்த ஓட்டைகள் வழியாக அது கணினி கணினியாகத் தாவியது. எந்த ஃபைலையும் அது அழிக்கவில்லை. ஆனால் எழுதியவரின் கணக்கு ஒன்று தப்பிவிட்டது. ஏற்கெனவே ஒரு நகல் இருக்கிற கணினியில் இன்னொரு நகல் தங்கக் கூடாது என்று பார்க்கத்தான் செய்தது. யாராவது இதை வைத்தே ஏமாற்றிவிடுவார்களோ என்று, ஏழு தடவைக்கு ஒரு தடவை என்ன ஆனாலும் தங்கிவிடு என்றும் எழுதிவிட்டார். அந்த ஏழில் ஒன்று போதுமானதாக இருந்தது. ஒரே கணினியில் நகல் மேல் நகல் குவிந்து எல்லாம் ஸ்தம்பித்துப் போயின. பாதிக்கப்பட்டவை சுமார் 6,000 கணினிகள் என்பது அப்போது சொல்லப்பட்ட மதிப்பீடு.

அந்த மாணவரின் பெயரும் ராபர்ட் மாரிஸ்தான். டார்வினை முடித்து வைத்த மாரிஸின் மகன். அப்பா அந்தச் சமயத்தில் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமையில், கணினிப் பாதுகாப்புப் பிரிவின் தலைமை விஞ்ஞானி. மகனுக்கு மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேரச் சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். பிற்காலத்தில் எம்ஐடியில் பேராசிரியர் ஆனார்.

இதை 'புலிக்குப் பிறந்தது' என்று ரசிக்கிற கதையாக நான் சொல்லவில்லை. அப்பா எழுதியதும் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிற ப்ரோக்ராம்தான், மகன் எழுதியதும் அதேதான். முதலாவது ஓடியது ஆட சம்மதித்தவர்கள் மத்தியில். இரண்டாவது ஓடியது யாரையும் கேட்காமல், அடுத்தவர் கணினியில். ஒரு கணக்குப் பிழை விளையாட்டில் வந்தால் நீங்கள் தோற்பீர்கள். வெளியில் வந்தால் ஊரே தோற்கும்.

டைப் அடிக்கலாம், எழுத முடியாது

2001இல் இங்கிலாந்தின் இன்ட்ரோவர்ஷன் நிறுவனம் 'அப்லிங்க்' வெளியிட்டது. நீங்கள் ஒரு கூலி ஹேக்கர். பல சர்வர்களைச் சுற்றிக்கொண்டு குறி வைத்த இடத்துக்குப் போக வேண்டும். எதிர்த்தரப்பு உங்களைத் தேடி வரும் 'ட்ரேஸ்' சத்தம் வேகமாகிக்கொண்டே போகும். வேலையை முடித்து, வந்த தடத்தையும் அழித்துவிட்டு வெளியேற வேண்டும். பெரும்பாலும் மவுஸ் வேலைதான், சில சர்வர்களில் மட்டும் கமாண்ட் அடிக்கலாம்.

2015இல் ஆஸ்திரேலியாவின் மேட் ட்ரோபியானி உருவாக்கிய 'ஹேக்நெட்' அதைத் தலைகீழாக்கியது. இதில் டெர்மினல்தான் எல்லாம். அதில் வரும் எல்எஸ், சிடி, கேட் எல்லாம் யூனிக்ஸ் உலகத்தின் நிஜ கமாண்டுகள். ஆடி முடிப்பதற்குள் பல பேருக்கு அவை கைப்பழக்கம் ஆகிவிடுகின்றன. ஆனால் ஒரு போர்ட்டைத் திறக்க அதற்கென்று இருக்கும் ப்ரோக்ராமை ஓட்டினால் போதும், அது தானே திறந்துவிடும். அதெல்லாம் சும்மா, நிஜத்தில் அப்படி நடக்காது. கமாண்ட் உங்களுடையது, ஆனால் அது என்ன செய்யும் என்பதை எழுதி வைத்தவர் வேறு ஒருவர்.

2016: அடுத்தவன் ஸ்க்ரிப்ட்

அந்தக் கதவைத் திறந்தது 2016இல் வந்த 'ஹேக்மட்'. பல பேர் ஒரே சமயத்தில் ஆடும் விளையாட்டு. மனிதர்கள் எல்லாரும் அழிந்துபோன உலகம், ஆடுகிற நீங்கள் ஒரு செயற்கை அறிவு. இதில் ஜாவாஸ்க்ரிப்டில் சொந்த ஸ்க்ரிப்ட் எழுதலாம். அதைப் பொதுவில் வைத்தால் மற்றவர்களும் ஓட்டலாம்.

இங்கேதான் சூட்சுமம். இன்னொருவர் எழுதிய ஸ்க்ரிப்டை நீங்கள் ஓட்டினால், அது உங்கள் பெயரில் ஓடுகிறது. அது உங்கள் கணக்கில் இருக்கும் பணத்தை எழுதியவருக்கே அனுப்பிவிடலாம். யாரும் உங்கள் பூட்டை உடைக்கவில்லை, சாவியை நீங்களே கொடுத்திருக்கிறீர்கள்.

இதற்கு விளையாட்டு வைத்த வேலி என்ன தெரியுமா? தடை இல்லை, தகவல். ஒவ்வொரு ஸ்க்ரிப்டுக்கும் ஒரு பாதுகாப்பு மட்டம் உண்டு. மேல்மட்டத்தில் இருப்பது உங்களை ஒன்றும் செய்யாது. மட்டம் இறங்க இறங்க அதன் கை நீளும். அந்த மட்டத்தைப் பார்த்துவிட்டு ஓட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியது நீங்கள்தான். பார்க்காமல் ஓட்டினால் பணம் போகும். அப்புறம் யாரிடம் போய்ப் புகார் செய்வது? அதுதானே அங்கே ஆட்டம்!

ரெண்டே வருஷம். 2018இல் இதே விஷயம் விளையாட்டுக்கு வெளியே நடந்தது. ஜாவாஸ்க்ரிப்ட் எழுதுபவர்கள் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும் 'ஈவென்ட் ஸ்ட்ரீம்' என்ற தொகுப்பு. வாரத்துக்குச் சுமார் 20 லட்சம் தடவை இறக்கப்பட்டது. எழுதியவருக்கு அதைப் பார்த்துக்கொள்ள நேரம் இல்லை. "நான் பார்த்துக்கறேன்" என்று ஒருவர் வந்தார், நம்பிக் கொடுத்தார். வந்தவர் அதோடு இன்னொரு சின்னத் தொகுப்பைச் சேர்த்தார். அதற்குள் கோபே என்ற பிட்காயின் பர்ஸைக் குறிவைத்துத் திருடும் வரிகள் ஒளிந்திருந்தன. நவம்பரில் கண்டுபிடிக்கும்வரை யாரும் அதைத் திறந்து படிக்கவில்லை. பூட்டை உடைக்கவில்லை, சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

மறுபடி பையனிடம்

பிட்பர்னரில் எதிராளி மனிதர் கிடையாது, தனியாக ஆடுவது. எட்டு ஜிபி நினைவகத்தோடு தொடங்குவீர்கள். ஸ்க்ரிப்ட் எழுதினாலே 1.6 ஜிபி. அதில் 'ஹேக்' என்ற அழைப்பைச் சேர்த்தால் இன்னொரு 0.1, 'க்ரோ'வுக்கு 0.15. பணத்தை எடுத்தால் சர்வரின் காவல் இறுகும், அதைத் தளர்த்த வேண்டும், பணத்தை மறுபடி வளர்க்க வேண்டும். இருக்கிற நினைவகத்துக்குள் இந்தச் சுழற்சியைத் தானாக ஓட வைப்பதுதான் ஆட்டம்.

இன்னொரு விலையும் அந்தப் பட்டியலில் உண்டு. 'டாக்குமென்ட்' என்ற சொல்லை ஸ்க்ரிப்டில் பயன்படுத்தினால் 25 ஜிபி. அது விளையாட்டு ஓடுகிற திரையையே தொடும் வழி. அதாவது வேலியில் ஒரு கதவு இருக்கிறது, விலை போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதையெல்லாம் படித்த பிறகு அக்கா வீட்டுக்கு ஃபோன் போட்டுப் பையனைக் கேட்டேன். "அந்த ஸ்க்ரிப்ட் நீயே எழுதினதாடா?"

"பாதி நான் எழுதினது மாமா. பாதி நெட்ல கிடைச்சது."

"அந்தப் பாதியைப் படிச்சியா?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. "ஓடுச்சு மாமா, அதான் விட்டுட்டேன்."

திட்டவில்லை. அலுவலகத்தில் நானும் அப்படித்தான் செய்கிறேன், நிறைய பேர் அப்படித்தான். ரெண்டு பேரும் ஃபோனிலேயே அந்த ஸ்க்ரிப்டை வரிவரியாகப் படித்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. தப்பாக எதுவும் இல்லை. தேவையில்லாத மூன்று வரியை அவனே கண்டுபிடித்து எடுத்துவிட்டான், நினைவகமும் மிச்சமானது.

அக்காவிடம் நான் சொன்ன பதிலைக் கொஞ்சம் திருத்த வேண்டும். ஒன்றும் ஆகாது என்பது அந்த வேலிக்குள் இருக்கும்வரைதான். வெளியே வரும் நாளில் அவனுக்கு மார்ஸும் இருக்காது, அம்பயரும் இருக்க மாட்டார். அடுத்தவன் எழுதியதைப் படித்துவிட்டு ஓட்டும் பழக்கம் ஒன்றுதான் கூட வரும். அதைக் கற்றுக்கொள்ள, தப்பு செய்தால் பொய்ப் பணம் மட்டும் போகிற இடத்தைவிட நல்ல இடம் வேறு எனக்குத் தெரியவில்லை. ஆடட்டும்.