பட்டை இறங்கிய மலை

ஒடுகத்தூரைத் தாண்டியதும் முத்துக்குமரன் மலை அடிவாரத்தில் ஏற்றம் தொடங்குகிறது. அங்கிருந்து ஜவ்வாது மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தைக்குப் போகும் சாலையில் வண்டி நடமாட்டம் குறைவு. விரிஞ்சிபுரத்திலிருந்து கிளம்பி அணைக்கட்டு வழியாக அந்தச் சாலைக்குச் சைக்கிள் மிதிப்பது எனக்கு வழக்கம். மேட்டில் மெதுவாகத்தான் ஏற முடியும். அதனால் ஓரத்தில் நிற்கும் ஒவ்வொரு செடியையும் பார்த்துக்கொண்டே போகலாம். கீழே சரளை நிலத்தில் மஞ்சள் பூவோடு ஆவாரை. கொஞ்சம் மேலே கொன்றை. இன்னும் ஏறினால் கடுக்காய் மரம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோலால் பெயர் வாங்கிய ஊர்கள், தோல் பதனிடக் குரோமியம் வருவதற்கு முன், இவற்றை நம்பித்தான் பிழைத்தன. எங்கள் பக்கத்துத் தோல் தொழிலின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பாலாற்றங்கரையில் தொடங்குகிறார்கள். மலையில் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

என் தாத்தா ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், பட்டை இடித்தவர். ஆவாரங் கிளையை வெட்டி, கட்டையால் தட்டிப் பட்டையைக் கழற்றி, காயவைத்து மூட்டையாகக் கட்டி அனுப்புவார்கள். அதை இடித்துத் தூளாக்கித் தொட்டித் தண்ணீரில் ஊறப்போடுவது அவர் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் கிடந்து மயிர் நீங்கிய தோல், பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறும். சாறு உள்ளே இறங்க இறங்கத் தோலின் அழுகும் குணம் போய்விடும். எத்தனை முறை கழுவினாலும் தாத்தாவின் விரல் இடுக்கில் பழுப்புக் கறை போகவே போகாது. அந்தக் கையால்தான் எனக்குச் சோறு பிசைந்து கொடுத்தார்.

ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோலுக்கு ஒரு குறை உண்டு. வெயில் பட்டால் சிவந்து போகும். அதைத் தடுக்கத்தான் கடைசியில் கடுக்காய். மலை ஏறும்போது கீழே விழுந்து கிடக்கும் காய் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஐந்து வரம்பு ஓடும், காய்ந்தால் கல்போல் கெட்டிப்படும். துளி கடித்தால் போதும், நாக்கும் கன்னமும் உள்ளுக்கு இழுத்துக்கொள்ளும். நம் வாயைச் சுருக்கும் அந்தத் துவர்ப்பேதான் தோலில் உள்ள புரதத்தைப் பிடித்து இறுக்குகிறது. சித்த மருந்துக் கடையில் வாங்கும் கடுக்காய், ஒரு காலத்தில் இங்கிருந்து கப்பலேறிய தோலுக்கெல்லாம் நிறம் காத்தது.

எங்கள் விரிஞ்சிபுரம் வணிகப் பாதையில் இருக்கும் ஊர். மார்க்கபந்தீஸ்வரர் கோயில் தலபுராணமே, மைசூர்ப் பக்கமிருந்து காஞ்சிக்குப் போன மிளகு வணிகனுக்குச் சிவன் வழித்துணையாக வந்த கதைதான். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் தண்டவாளம் ஆம்பூரைத் தாண்டி மேற்கே நீண்டது. பாதி பதனிட்ட தோல் ரயிலேறிச் சென்னைத் துறைமுகம் போய், லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் விற்றது. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனதும் இந்தத் தோல்தான்.

மலைக்கு மட்டும் ரயிலும் வரவில்லை, ரோடும் வரவில்லை. 1882இன் சென்னை வனச் சட்டம் வந்தபின் காடு அரசின் சொத்தாகியது. கடுக்காயும் பட்டையும் குத்தகைக்குப் போயின. காட்டில் பொறுக்கியவர்கள் ஜவ்வாது மலையின் மலையாளி மக்கள். மரமும் நிலமும் தலைமுறையாக அவர்களுக்குப் பழக்கம், ஆனால் சிறு வன விளைபொருளின் மேல் அவர்களுக்கு உரிமை உண்டு என்று சட்டம் சொல்ல 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கடுக்காயைக் கூலிக்குப் பொறுக்கி, தலைச்சுமையாக ஒற்றையடிப் பாதையில் இறக்கினார்கள். சந்தனம் வெட்டப்பட்டுத் திருப்பத்தூர் கிடங்குக்குப் போனதும் இதே மலையிலிருந்துதான்.

1903இல் பொறியாளர் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடும் முயற்சியைத் தொடங்கினார். பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் ஆன வேலை குரோமில் ஓரிரு நாளில் முடிந்தது. 1970களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்ய மத்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுதாக முடித்த தோலும் ஷூவுமாக அனுப்ப வேண்டும் என்றானதும் குரோம் தொட்டிகள் பெருகின. பட்டைக்கு மவுசு குறைந்தது. தோல் கழிவால் பாலாற்றுக்கு என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானது என்ற கணக்கு அதில் இருக்கிறது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய தீர்ப்புகளில் அது முக்கியமானது. 2025 ஜனவரியிலும் அதே நீதிமன்றம் பாலாற்றுக்காக மறுபடி பேச வேண்டி வந்தது. பட்டைத் தொட்டிக் காலத்திலும் தோல் ஷாப் நாறியது, உப்பும் சுண்ணாம்பும் ஆற்றில் கலந்தன. அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன்.

நான் கேட்பது மலையின் பங்கை. ஜோலார்பேட்டைக்குப் பக்கத்தில் ஏலகிரிக்கு 1960களிலேயே சாலை போட்டார்கள். அதன் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரையும் கடையெழு வள்ளல்கள் பெயரையும் வைத்தார்கள். அங்கே சுற்றுலாவுக்கு ஆள் வருவார்கள். பீஞ்சமந்தைக்குத் தார்ச்சாலை வந்தது சில ஆண்டுகளுக்கு முன்புதான். அதுவரை பிரசவ வலி கண்டவளை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். 2023 மே மாதம் அல்லேரி மலையில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. சாலை இல்லாததால் உடலைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் பாதியில் நின்றது. தாய் அந்த உடலைக் கையில் ஏந்தி மலை ஏறி நடந்தாள். நூறு ஆண்டுக்கு மேல் மூட்டை மூட்டையாகப் பொருள் இறங்கிய மலைகளில் ஒன்று அது.

சைக்கிளில் ஏறுகிறவனுக்கு ஒரு சாலையின் சரிவு தொடையில் தெரியும். மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில், தலையில் கடுக்காய் மூட்டையோடு இறங்கியவர்களின் முழங்காலை நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. ஆம்பூரில் தோலுக்கு ஓர் அருங்காட்சியகம் அமைந்தால், அதில் முதல் அறை பட்டையும் கடுக்காயும் சேகரித்தவர்களுக்கு இருக்க வேண்டும். அதற்கும் முன்னால், ஜவ்வாது மலையில் இன்னும் சாலை எட்டாத ஒவ்வொரு குக்கிராமத்துக்கும் ஆம்புலன்ஸ் ஏறும் சாலை போட வேண்டும். இது மலைக்குச் செய்யும் தர்மம் அல்ல, தோலில் சம்பாதித்த சமவெளி மலைக்குத் திருப்பித் தர வேண்டிய பாக்கி.