சட்டைப் பையில் ஒரு தைரியம்

மறைமலை நகரில் உட்கார்ந்துகொண்டு கைத்துப்பாக்கியைப் பற்றிக் கட்டுரை எழுத நேரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. தனித்தமிழுக்காக வாழ்ந்து 1950-இல் மறைந்த மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய ஊர் இது. 'பிஸ்டல்', 'ரிவால்வர்' என்ற சொற்களை இந்த ஊரிலிருந்து எழுதுவதற்கே அடிகளாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். கேட்டுக்கொண்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் எதிர் வீட்டு நண்பர் ஒரகடம் பக்கத்தில் ஒரு சிறிய லேத் பட்டறை நடத்துகிறார். பெரிய தொழிற்சாலைகளுக்குச் சில்லறைச் சாமான்கள் கடைந்து கொடுப்பது தொழில். இரண்டாவது ஷிப்டை முடித்துப் பட்டறையைப் பூட்டிக்கொண்டு, சிங்கப்பெருமாள் கோவில் வழியாக அவர் வீடு வந்து சேர நள்ளிரவு ஆகிவிடும். சில மாதங்களுக்கு முன்பு ஓர் இரவு, விளக்கில்லாத ஒரு திருப்பத்தில் இரண்டு பேர் அவருடைய மோட்டார் சைக்கிளை மறித்தார்கள். ஒருவன் கையில் கத்தி. செல்போனும் மோதிரமும் போயின. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் மனிதருக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து உட்கார்ந்தார். "ஸார், லைசென்ஸ் வாங்கி ஒரு சின்னத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று பார்க்கிறேன். சட்டைப் பையில் அடங்குகிற மாதிரி. நீங்கள் சரித்திரம் படித்தவர். அது போதுமா, போதாதா? ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் அவர் மனைவி வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்: "எல்லாம் உங்களால் வந்த வினை, அண்ணா! உங்கள் கதைகளில் ஒரு குண்டு வெடித்தால் ஒரு திருடன் விழுகிறான். இவர் அதை அப்படியே நம்புகிறார்!"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாகக் கதை எழுதுகிறேன். என் வில்லன்கள் எல்லாரும் ஒரே குண்டில் 'ஆ' என்று அலறிச் சாய்ந்தவர்கள்தாம். ஆகையால் ஒரு வார்த்தையில் பதில் சொல்லாமல், "ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் புத்தக அலமாரியைத் திறந்தேன்.

தமிழ்நாட்டில் சின்னத் துப்பாக்கி என்றதும் நினைவுக்கு வருவது மணியாச்சி. 1911-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் தேதி காலை. மணியாச்சி சந்திப்பில் நின்ற ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் தம் மனைவியுடன் அமர்ந்திருந்தார். கொடைக்கானலுக்குப் பயணம். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி, மிக அருகில் நின்று சுட்டான். பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் துப்பாக்கி அது. ஆஷ் பிழைக்கவில்லை. வாஞ்சியும் பிளாட்பாரத்திலிருந்த கழிப்பறைக்குள் ஓடி, அதே துப்பாக்கியால் தன்னைச் சுட்டுக்கொண்டு மாண்டான்.

"பார்த்தீர்களா! சின்னத் துப்பாக்கிதானே, வேலை செய்ததல்லவா?" என்று நண்பர் கேட்பார் என்று எனக்குத் தெரியும். அவசரப்படக் கூடாது. அந்தக் காலை நேரத்தை மறுபடியும் நிதானமாகப் பார்ப்போம். நாளைக் குறித்தவன் வாஞ்சி. இடத்தைத் தேர்ந்தவன் வாஞ்சி. எத்தனை அடி தூரத்தில் நின்று சுடுவது என்பதும் அவன் கையில் இருந்தது. திரும்பி உயிருடன் போக வேண்டும் என்ற கவலையும் அவனுக்கு இல்லை. ஆஷ் துரையின் சட்டைப் பையிலும் அதே பிரவுனிங் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதை எடுக்கவே அவருக்கு நேரம் இருந்திராது.

அதே 1911-ஆம் வருஷத்தில் இன்னொரு காரியமும் நடந்தது. மணியாச்சிக்கு மூன்று மாதங்களுக்கு முன்பு, மார்ச் 29-ஆம் தேதி, அமெரிக்க ராணுவம் புள்ளி 45 அளவுள்ள பெரிய கைத்துப்பாக்கியைத் தன் படைகளுக்கு ஏற்றுக்கொண்டது. அதைச் செய்து கொடுத்தவரும் பிரவுனிங்தான். ஜான் மோசஸ் பிரவுனிங். பெரிய துப்பாக்கிக்கு அவசியம் என்ன வந்தது? பிலிப்பைன்ஸ் தீவுகளில் மோரோ வீரர்களோடு சண்டையிட்டபோது, அமெரிக்கச் சிப்பாய்களின் புள்ளி 38 ரிவால்வர் கைகொடுக்கவில்லை. குண்டு பட்ட பிறகும் அந்த வீரர்கள் வாளோடு ஓடி வந்து வெட்டினார்கள். சுடப்பட்டவன் பிறகு இறந்திருக்கலாம். அதற்குள் சுட்டவனும் இறந்துவிட்டானே! 1904-இல் தாம்ஸன், லகார்ட் என்ற இரண்டு அதிகாரிகள் பரிசோதனை நடத்தி, புள்ளி 45-க்குக் குறைந்தது உதவாது என்று எழுதினார்கள்.

இந்த எண்கள் வேறொன்றும் அல்ல. குழலின் விட்டத்தை அங்குலக் கணக்கில் சொல்வது. புள்ளி 32 என்றால் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர். அந்தச் சிறு பிஸ்டலின் குண்டு 5 கிராமுக்கும் குறைவு. புள்ளி 45-இன் குண்டு சுமார் 15 கிராம். மூன்று மடங்கு.

கொல்வது வேறு, தடுப்பது வேறு என்பது பிலிப்பைன்ஸ் கற்பித்த பாடம். தற்காப்புக்குத் துப்பாக்கி தேடுகிறவனுக்கு வேண்டியது எதிரியின் மரணம் அன்று. எதிரி அந்த நொடியே நிற்க வேண்டும். சிறிய குண்டு இந்த இடத்தில்தான் வாக்குத் தவறுகிறது. 1912-இல் மில்வாக்கி நகரில் தியோடர் ரூஸ்வெல்ட்டைப் புள்ளி 38-ஆல் ஒருவன் மார்பில் சுட்டான். சட்டைப் பையிலிருந்த மூக்குக் கண்ணாடிக் கூடும், மடித்து வைத்திருந்த ஐம்பது பக்கச் சொற்பொழிவும் குண்டின் வேகத்தைக் குறைத்தன. மனிதர் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் மேடையேறி, சுமார் ஒன்றரை மணி நேரம் பேசினார்! நீண்ட சொற்பொழிவு உயிரைக் காத்ததற்கு உலக சரித்திரத்தில் வேறு உதாரணம் இருக்கிறதா, தெரியவில்லை. 1981-இல் ஜனாதிபதி ரீகனைத் தாக்கியது புள்ளி 22 குண்டு. தாம் சுடப்பட்டதே முதலில் அவருக்குத் தெரியவில்லை. குண்டு நுரையீரலில், இதயத்துக்கு வெகு அருகில் தங்கியிருந்தது. அதே அளவுக் குண்டுதான் 1968-இல் ராபர்ட் கென்னடியின் உயிரைப் பறித்தது. இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

நம் ஊர் உதாரணமும் உண்டு. எங்கள் ஜி. எஸ். டி. சாலையில் வடக்கே போனால் பரங்கிமலை வரும். 1967-ஆம் ஆண்டு ஜனவரி 12-ஆம் தேதி மாலை, பரங்கிமலைக்கு அருகே ராமாவரம் தோட்டத்தில் எம். ஜி. ஆரை எம். ஆர். ராதா சுட்டார், பிறகு தம்மையும் சுட்டுக்கொண்டார். இருவருக்கும் இடையே இருந்தது ஓர் அறையின் தூரம்கூட இல்லை. இருவரும் பிழைத்தார்கள். கழுத்துக் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்தபடியே எம். ஜி. ஆர். பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். குரல்தான் பழையபடி திரும்பவில்லை. குண்டு எங்கே படுகிறது என்பதுதான் விதியைத் தீர்மானிக்கிறது. கை நடுங்கும் மனிதனின் குண்டு எங்கே படும் என்பதை யாரால் சொல்ல முடியும்?

சின்னத் துப்பாக்கி ஒருவரைக் காத்து நின்ற சம்பவமே கிடையாதா என்று தேடினேன். ஒன்று கிடைத்தது. 1931 பிப்ரவரி 27. அலகாபாத் ஆல்பிரெட் பூங்கா. போலீஸார் சூழ்ந்துகொண்டபோது சந்திரசேகர ஆசாத்திடம் இருந்தது புள்ளி 32 கோல்ட் பிஸ்டல். மரத்தின் மறைவிலிருந்து சுட்டு, இரண்டு போலீஸ் அதிகாரிகளைக் காயப்படுத்தி, உடன் இருந்த தோழரைத் தப்ப வைத்தார். கடைசித் தோட்டாவைத் தமக்கே வைத்துக்கொண்டார் என்பார்கள். இந்தச் சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மயிர்க்கூச்செறியும். ஆனால் இந்த முறை வேறொன்று கண்ணில் பட்டது. காயம் பட்ட இரண்டு அதிகாரிகளும் பிழைத்துக்கொண்டார்கள். ஆசாத்தின் குறி இரவும் பகலும் பழகிய குறி. அப்படிப்பட்டவருக்கே அந்தத் துப்பாக்கி சில நிமிஷ அவகாசத்தைத்தான் வாங்கிக் கொடுத்தது.

அப்படியானால் நம் நாட்டில் புள்ளி 32 ஏன் இத்தனை பிரசித்தம்? சட்டம்தான் காரணம். படைகளும் போலீஸும் பயன்படுத்தும் அளவுகளைச் சாதாரணக் குடிமகன் வைத்திருக்கக் கூடாது. 9 மில்லிமீட்டர், புள்ளி 38, புள்ளி 455 எல்லாம் தடைப் பட்டியலில் சேர்ந்தவை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் இந்தப் பாகுபாட்டை வைத்துக்கொண்டது. மிச்சம் கிடைத்தது 32-ம் 22-ம். டில்லியில் 2012-இல் நடந்த கொடுமைக்குப் பின், 2014-இல் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று 'நிர்பீக்' என்ற ரிவால்வரைக் கொண்டுவந்தது. அதுவும் புள்ளி 32. எடை அரைக் கிலோ. அன்றைய விலை சுமார் 1 லட்சத்து 22 ஆயிரம் ரூபாய். அந்தப் பணத்தைக் கொடுக்கக்கூடிய பெண்கள் இரவில் பஸ்ஸுக்காகக் காத்து நிற்கிறவர்களா என்று அன்றே பலர் கேட்டார்கள்.

வாரம் முடிந்தது. நண்பர் வந்தார். இவ்வளவையும் சொன்னேன். பிறகு ஒரு கேள்வி கேட்டேன்: "அன்றிரவு கத்தி வைத்திருந்தவன் எவ்வளவு தூரத்தில் நின்றான்?"

"கையை நீட்டினால் தொடலாம், ஸார்."

1983-இல் டூல்லர் என்ற அமெரிக்கப் போலீஸ் பயிற்சியாளர் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். கத்தியோடு வருகிறவன் 21 அடியைச் சுமார் ஒன்றரை விநாடியில் கடந்துவிடுவான். பழகிய போலீஸ்காரர் இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துச் சுடவும் அதே நேரம்தான் ஆகிறது. நம் நண்பரோ ஹெல்மெட்டும் மழைக்கோட்டுமாக வண்டியின் மேல் இருந்தார். இடைவெளி இரண்டு அடி. துப்பாக்கி இருந்திருந்தால் மோதிரத்தோடு அதையும் அவர்கள் கொண்டுபோயிருப்பார்கள். அல்லது அவர் அதை எடுக்க முயன்று, கத்தி இறங்கியிருக்கும்.

"சட்டம் எனக்கு இடம் கொடுக்கிறதே, ஸார்?" என்றார்.

கொடுக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள நியாய சன்ஹிதையின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்றும் அவையே சொல்கின்றன. இருட்டில், அரை விநாடியில், அந்தத் தேவையை அளக்க வேண்டியவர் நீங்கள். பிறகு சாவகாசமாக அளக்கப் போகிறவர் நீதிபதி.

அவர் வெகு நேரம் பேசவில்லை. "அப்படியானால் இந்தப் பயத்தை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?" என்றார்.

இதற்குச் சரித்திரத்தில் பதில் இல்லை. ஒரகடம் சாலையில் இன்னும் சற்றுத் தூரம் போனால் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21-ஆம் தேதி இரவு, அங்கே ராஜீவ் காந்தியைச் சுற்றி ஆயுதம் தாங்கிய காவலர்கள் நின்றார்கள். அவர்களில் சிலரும் அவரோடு மாண்டார்கள். திட்டமிட்டு வருகிறவனிடம் முதல் விநாடி இருக்கிறது. அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

நான் சொன்னது மிகச் சாதாரணமான யோசனை. பட்டறையில் இரவு வேலை செய்யும் நாலு பேரும் ஒன்றாகக் கிளம்புவது. விளக்கில்லாத அந்தத் திருப்பத்துக்காக எல்லோரும் கையெழுத்திட்டு ஒரு மனுக் கொடுப்பது. மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். என் எழுத்தில் முதல் தடவையாக ஒரு காரியம் நடந்தது. இரண்டு மாதத்தில் விளக்கு வந்துவிட்டது! லைசென்ஸ் விண்ணப்பம் அவர் மேஜை அறையில் நிரப்பாமல் கிடக்கிறது. அதைக் கிழித்துப் போடும்படி நான் சொல்லவில்லை. பயந்தவர் அவர், முடிவும் அவருடையதே.

என் பாவத்துக்குப் பிராயச்சித்தம் செய்ய வேண்டுமல்லவா? இந்த வாரத் தொடர்கதையில் வில்லனைச் சுட வேண்டிய கட்டம். சுட்டேன். தோளில் பட்டது. அவன் விழாமல் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறான். அவனை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் நான் விழித்துக்கொண்டிருக்கிறேன்.